சுழியோடியின் வளிச்சீராக்கி: அதன் அமைப்பும் பேணுமுறையும்

மன்னார்க் கடலிற் சலாபம் நடைபெற்ற காலங்களிலே, முத்துக்குளிக்குஞ் சுழியோடி கயிற்றிற் பிணித்த கல்லொன்றிற் காலை ஊன்றிக் கடலடிக்கு இறங்குவான். கீழே அவன் சிப்பி பொறுக்குங் காலம் ஒரு நிமிடமோ, அதற்குச் சற்று மேலோதான். சிப்பிப் பார் கண்ணெதிரே விரிந்து கிடப்பினும், நெஞ்சு காற்றுக்குத் தவிக்கத் தொடங்கியதும் அவன் மேலேறியாதல் வேண்டும். அவனுடைய தொழிலுக்கு எல்லை வகுத்தது ஒரு மூச்சின் நீளமே. இன்று அக்கடலிற் கடலட்டையும் சங்கும் எடுப்போர் பலர் முதுகிலே உலோக உருளையைச் சுமந்து சென்று, அரைமணி நேரமும் அதற்கு மேலும் நீரடியில் நின்று தொழில்புரிகின்றனர். உருளையைக் கண்டோர் அதனுள் அடைத்த வளியே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எனக் கருதுவர். உருளை வெறுஞ் சேமிப்பறையே. அதனுள் அடைபட்ட வளியை நுரையீரலுக்கு ஏற்ற அமுக்கத்தில் வேண்டும்போது கொடுத்து, வேண்டாதபோது நிறுத்துவது சீராக்கி என்னுஞ் சிறு கருவியாகும். அக்கருவி எவ்வாறு அமைந்தது, எவ்வாறு பழுதுறும், பழுதுற்றாற் றிறந்து திருத்தத் தக்கதாய் உளதா என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரடியில் மூச்செடுக்கச் சீராக்கி எதற்கு? நீர்மட்டத்துக்கு மேலே நீண்டிருக்குங் குழாயொன்று போதாதா? இவ்வினா எழுதல் இயல்பே. நாணற் குழாயை வாயிற் கவ்விக்கொண்டு குளத்தினடியில் ஒளிந்திருந்த வீரரைப் பற்றிய கதைகள் பல நாடுகளில் வழங்குகின்றன. ஆயின் ஒரு மீற்றர் ஆழத்திலேயே அம்முயற்சி தோல்வியுறும். அவ்வாழத்தில் நீர் உடம்பின் ஒவ்வொரு சதுர சதமமீற்றரையும் 100 கிராம் நிறையோடு அமுக்குகின்றது. நெஞ்சின் பரப்பை 1000 சதுர சதமமீற்றர் எனக் கொண்டால், 100 கிலோகிராம், அஃதாவது பெரிய அரிசி மூடை இரண்டின் நிறை, நெஞ்சின்மேல் ஏறியிருக்கும். குழாய்வழி வரும் வளியோ நீர்மட்டத்து வளியின் அமுக்கத்தையே உடையது. விலாவெலும்புகளை விரிக்குந் தசைகள் அந்நிறையை நெடுநேரம் எதிர்க்க வல்லனவல்ல. ஆகவே, நுரையீரலுட் புகும் வளி, சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தோடு புகுதல் வேண்டும் என்பது முதல் விதியாகின்றது.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கங் கூடும். நீர்மட்டத்தில் 1 ஆக இருப்பது 10 மீற்றரில் 2 ஆகவும், 20 மீற்றரில் 3 ஆகவும், 30 மீற்றரில் 4 ஆகவும் உயரும். உருளையிலோ தொடக்கத்தில் 200 வளிமண்டலம் வரையான அமுக்கத்தில் வளி அடைபட்டிருக்கும். சுழியோடி மூச்செடுக்க எடுக்க அது 150, 100, 50 எனக் குறைந்துவரும். ஒருபுறம் இறங்கிக்கொண்டே வரும் உருளையமுக்கம். மறுபுறம் ஏறியும் இறங்கியும் மாறும் ஆழம். இவற்றினிடையே வேலையின் கடுமைக்கேற்ப வேறுபடும் மூச்சின் வேகம். இம்மூன்றையும் ஒருங்கே கருதி, மின்வலுவின் துணையின்றியும் மனிதன் கைவையாமலும் ஒவ்வொரு மூச்சுக்கும் உரிய வளியை அளித்தலே சீராக்கியின் கடமை. இதனை அது செய்யும் உபாயம் மிக எளியது. நீரின் அமுக்கத்தையே ஓர் இறப்பர் மென்றகட்டின்மேல் தாக்கச்செய்து, அம்மென்றகடு அசையும் அசைவினால் வளிப்பாதையைத் திறக்கவும் மூடவுஞ் செய்கின்றது.

இக்கருத்துப் பிறந்த இடம் கடலன்று, சுரங்கமாகும். பிரான்சின் தென்பகுதியிலுள்ள எஸ்பாலியோன் என்னும் ஊரிற் பிறந்த பெனுவா ரூக்கெரோல் என்னுஞ் சுரங்கப் பொறியியலாளர், மூச்சுக்கு ஒவ்வாத வளி நிறைந்த சுரங்கங்களுட் சென்று ஆள்களை மீட்பதற்குதவுஞ் சீராக்கியொன்றுக்கு 1860 இல் உரிமம் பெற்றார். கடற்படை அதிகாரியான ஒகுஸ்த் தெனெரூஸ் என்பவர் அவரோடு கூடி, 1864 இல் அதனைச் சுழியோடுதற்கு இசைவித்தார். உறிஞ்சினால் வளி வரும். உறிஞ்சாதொழியின் நிற்கும் என்னும் இன்றைய நெறி முழுவதும் அக்கருவியில் அமைந்திருந்தது. யூல் வேண் எழுதிய 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்னும் நாவலில் இக்கருவி பெயர்சுட்டிக் கூறப்படுகின்றது. ஆயினும் அக்காலத்து இரும்புக் கலங்கள் பேரமுக்கத்தைத் தாங்கவல்லனவல்ல. கலத்தில் அடங்கிய சிறிதளவு வளி நெடுநேரம் போதாமையாற் சுழியோடி மேலிருந்து பம்பியாற் செலுத்தப்படும் வளியையே நம்ப நேர்ந்தது. கருத்து முதிர்ந்திருந்தும் உலோகத் தொழில் முதிராமையால் அக்கருவி மெல்ல வழக்கொழிந்தது.

அது மீண்டும் தோன்றிய வரலாறும் சுவையுடையதே. இரண்டாம் உலகப்போரின்போது செருமானியர் வசப்பட்டிருந்த பிரான்சில் பெற்றோலுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. மோட்டார் வண்டிகளை வாயுவால் ஓட்ட முயன்றனர். எயர் லிக்கீட் என்னும் வாயுக் கம்பனியிற் பணிபுரிந்த எமில் கன்யான் என்னும் பொறியியலாளர், இயந்திரம் எவ்வளவு வாயுவை இழுக்கின்றதோ அவ்வளவையே கொடுக்கவல்ல சீராக்கியொன்றை அப்பொருட்டு அமைத்திருந்தார். கடற்படை அதிகாரி யாக் கூஸ்தோவின் மாமனார் அக்கம்பனியின் இயக்குநருள் ஒருவர். அத்தொடர்பினால் 1942 திசெம்பரில் இருவருஞ் சந்தித்தனர். இயந்திரத்தின் மூச்சும் மனிதனின் மூச்சும் இவ்வகையில் ஒன்றெனக் கன்யான் கண்டுகொண்டமையே பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் வித்தாயிற்று. கூஸ்தோவின் புகழ் உலகெங்கும் பரந்தது. கருவியைச் சமைத்த கன்யானின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

1943 சனவரியிற் பாரிசுக்கருகே ஓடும் மார்ன் ஆற்றில் முதற்கருவி சோதிக்கப்பட்டது. கூஸ்தோ கிடையாக நீந்தியபோது அது குறையின்றி இயங்கிற்று. அவர் நிமிர்ந்து நின்றபோதோ வளி வீணே கொப்புளித்து வெளியேறியது. தலைகீழாகத் திரும்பியபோது மூச்சிழுப்பதே அரிதாயிற்று. காரணத்தை இருவரும் அன்றே ஆராய்ந்து கண்டனர். உள்மூச்சு வால்வை இயக்கும் மென்றகடு ஓரிடத்திலும், வெளிமூச்சு நீங்கும் வாய் அதற்கு ஏறத்தாழ 15 சதமமீற்றர் அப்பாலும் அமைந்திருந்தன. நிமிர்ந்து நிற்கையில் வெளிமூச்சு வாய் மேலே நின்றது. அங்கு நீரமுக்கங் குறைவு. ஆதலால் வளி அவ்வழியே தப்பியோடிற்று. தலைகீழாகையில் அவ்வாய் கீழே போய்விட, மிகுந்த நீரமுக்கம் வளியைத் தடுத்தது. வெளிமூச்சு வாயை மென்றகட்டின் அருகே கொணர்ந்ததும் குற்றம் நீங்கிற்று. 15 சதமமீற்றர் நீர் என்பது ஒரு வளிமண்டல அமுக்கத்தின் நூற்றில் ஒன்றரைப் பங்கேயாம். நூற்றுக்கணக்கான வளிமண்டல அமுக்கத்தை அடக்கியாளும் கருவியை அவ்வற்ப வேறுபாடு பயனற்றதாக்கிற்று என்பது சிந்திக்கத்தக்கது. சீராக்கி பற்றிய சிக்கல்கள் பெரும்பாலும் இத்தகையவே. பேரமுக்கத்தை அடைத்துவைத்தல் எளிது. சில சதமமீற்றர் நீரளவான சிற்றமுக்கத்துக்கு அதனைப் பணியவைத்தலே அரிது.

அவ்வாண்டு யூன் மாதத்திற் பந்தோல் என்னும் ஊரின் கரையோரக் கடலில் கருவி நன்கு இயங்கிற்று. போர் முடிந்தபின் 1946 தொடங்கி விற்பனைக்கும் வந்தது. சீராக்கி முழுவதும் ஒரு வட்டப்பெட்டியாக உருளையின் மேலே, சுழியோடியின் பிடரிக்குப் பின்னால் அமர்ந்திருக்க, இரு நெளிகுழாய்கள் அதிலிருந்து வாய்க்கு வரும். ஒன்று உள்மூச்சுக்கும் மற்றையது வெளிமூச்சுக்குமாம். குமிழிகள் தலைக்குப் பின்னே எழுதலாற் கண்ணுக்கு மறைப்பில்லை. ஆயின் முகங்கவிழ்ந்து நீந்துகையில் மென்றகடு நுரையீரலுக்கு மேலே நிற்கும். அங்கு நீரமுக்கங் குறைவாதலால், அவ்வேறுபாட்டைச் சுழியோடி தன் உறிஞ்சலால் ஈடுசெய்தல் வேண்டும். மல்லாந்து கிடப்பின் வளி தானே வாயுட் பாயும். 1955 இல் வெளிவந்த மிஸ்திரால் என்னும் கருவி, உருளையின் முழு அமுக்கத்தையும் ஒரே வால்வினாற் குறைத்து, உள்மூச்சுக் குழாயினுள் வளியை ஒரு தாரையாகச் செலுத்தி மூச்சை இலேசாக்கியது. அதனினும் குறைந்த உறுப்புகளையுடைய சீராக்கி காண்டல் அரிது.

இதற்கிடையில் அவுத்திரேலியாவின் மெல்போண் நகரிலே ரெட் எல்ட்ரெட் என்பவர் வேறொரு வழி கண்டார். அவர் சீராக்கியை இரண்டாகப் பிரித்து, அமுக்கத்தைப் பெரிதுங் குறைக்கும் முதற்படியை உருளையிலும், மூச்சுக்கேற்பத் திறந்து மூடும் இரண்டாம் படியை வாயிலேயும் வைத்து, இரண்டையும் ஒரே குழாயால் இணைத்தார். கடற்பன்றி என்று பொருள்படும் போர்ப்பொயிஸ் என்னும் பெயரோடு 1952 இல் அது விலைக்கு வந்தது. மென்றகடு வாயருகே வந்தமையால் உடலை எப்பக்கந் திருப்பினும் மூச்சில் நேரும் வேறுபாடு குறைந்தது. இன்று உலகெங்கும் வழங்குஞ் சீராக்கிகள் பெரும்பாலும் இவ்வழியினவே. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து, திருக்கோணமலைச் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் 1956 இற் கோணேசர் கோயிலின் கற்றூண்கள் முதலிய எச்சங்களைக் கண்டதும், உருளையுஞ் சீராக்கியும் அளித்த வசதியினாலேயாம்.

இரண்டாம் படியின் உட்புறத்தை அறிந்தோர்க்குச் சீராக்கியின் பழுதுகளிற் பல தாமே விளங்கும். தட்டையான சிறு பெட்டியொன்றின் ஒருபுறத்தை இறப்பர் மென்றகடு மூடியிருக்கும். மென்றகட்டின் வெளிப்புறத்தை நீர் தொடும். உட்புறத்தை ஒரு நெம்பின் நுனி தொடும். நெம்பின் மறுமுனை சிறு வால்வொன்றைப் பற்றியிருக்கும். சுழியோடி உறிஞ்சும்போது பெட்டியினுள் அமுக்கங் குறைய, மென்றகடு உட்குழிந்து நெம்பை அமிழ்த்த, வால்வு திறந்து வளி பாயும். உறிஞ்சல் நின்றதும் மென்றகடு மீளும். சுருள்வில் வால்வை மூடும். பாக்குவெட்டியின் நீண்ட பிடியில் மெல்ல அழுத்தினாலும், அச்சுக்கு அணித்தான அலகிற் பாக்கு நொறுங்குவது போல, மென்றகட்டின் மெல்லிய விசை நெம்பினாற் பன்மடங்காகி வால்வைச் சேர்கின்றது.

இதனை எண்களாற் கூறின் இன்னுந் தெளிவாகும். வால்வு மூடியிருக்கும் துளையின் பரப்பு 0.2 சதுர சதமமீற்றர் எனவும், முதற்படியிலிருந்து குழாய்வழி வரும் வளியின் அமுக்கம், சுற்றியுள்ள நீரின் அமுக்கத்தினும் சதுர சதமமீற்றருக்கு 10 கிலோகிராம் மிகையானது எனவும் கொள்க. இதனை இடையமுக்கம் என்பர். வளி வால்வைத் திறக்க முயலும் விசை 2 கிலோகிராமாகும். சுருள்வில் அதனை 2 கிலோகிராமும் 200 கிராமும் ஆகிய விசையோடு மூடி நிற்பின், எஞ்சிய 200 கிராமை மட்டுமே சுழியோடியின் மூச்சு வெல்லவேண்டும். 7 சதமமீற்றர் விட்டமுள்ள மென்றகட்டின் பரப்பு ஏறத்தாழ 38 சதுர சதமமீற்றர். 3 சதமமீற்றர் நீரளவான சிற்றுறிஞ்சல் அதன்மேல் 115 கிராம் விசையை ஆக்கும். நெம்பு அதனைப் பெருக்கிவிட, வால்வு எளிதிற் றிறக்கும்.

இனி, முதற்படியிலுள்ள தேய்வினால் இடையமுக்கம் 10 இலிருந்து 11 ஆக ஏறிற்று எனக் கொள்க. திறக்க முயலும் விசை 2 கிலோகிராம் 200 கிராமாகி, வில்லின் மிகைவிசை முற்றும் அழியும். ஒருவரும் உறிஞ்சாமலே வாய்ப்பெட்டியில் வளி கசியத் தொடங்கும். கசிவு காணப்படும் இடம் இரண்டாம் படி. குற்றமுள்ள இடம் முதற்படி. இதனை அறியாத ஒருவர், வாய்ப்பெட்டியைத் திறந்து சுருள்வில்லை இறுக்கிவிடுவர். கசிவு நின்றுவிடும்; கருவி திருந்திவிட்டது போலவே தோன்றும். உண்மையில் மூச்சிழுப்பது கடினமாகியிருக்கும். முதற்படியின் தேய்வும் மறைவாக வளர்ந்துகொண்டிருக்கும். நோயை விட்டு நோயின் குறியை அடக்கும் இவ்வகைத் திருத்தம் திருத்தாமையினும் தீயது. அமுக்கமானியைப் பூட்டி இடையமுக்கத்தை அளந்து பாராமல் இரண்டாம் படியைத் தொடலாகாது என்று தேர்ந்த திருத்துநர் வற்புறுத்துவது இதனாலேயாம்.

மேற்கூறிய அமைப்பில் வளியின் அமுக்கமே வால்வைத் திறக்குந் திசையில் தாக்குகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். முதற்படி மூடாது பழுதுற்றால், பெருகும் அமுக்கம் இரண்டாம் படியைத் தள்ளித் திறந்து வெளியேறும், குழாய் வெடிப்பதில்லை, சுழியோடிக்கு வளி நின்றுபோவதுமில்லை. வளி கட்டின்றிப் பாய்வதால் உருளை சில நிமிடங்களில் வெறிதாகலாம். ஆயினும் பாயும் வளியிலிருந்தே மூச்செடுத்துக்கொண்டு மேலேற அவகாசம் உண்டு. இதற்கு மாறாக, வளியின் அமுக்கமே வால்வை மூடுந் திசையில் தாக்கும் அமைப்பும் முற்காலக் கருவிகள் சிலவற்றில் இருந்தது. அதில் முதற்படி பழுதுற்றால் அமுக்கம் போக்கிடமின்றிக் குழாயிற் றேங்கும். தனியாக ஒரு காப்பு வால்வு அமைத்தாலன்றி அது தீங்கு பயக்கும். பழுதுறாத பொறி உலகில் இல்லை. பழுதுறுங்காற் றன்னைப் பயன்படுத்துவோனைக் காக்கும்படி பொறியை வகுக்கலாம். இரண்டாம் படியின் இன்றைய அமைப்பு அவ்வாறு வகுக்கப்பட்டதேயாம்.

முதற்படியில் இருவகை உண்டு. ஒன்றில் முசலம் வளியை ஆளும். மற்றையதில் மென்றகடு ஆளும். எளிய முசல வகையில் அசையும் உறுப்பு முசலம் ஒன்றே. உருளையிலிருந்து வரும் வளி சிறு துளையினூடே முசலத்தின் முனையிற் பதித்த நைலோன் போன்ற மென்பொருளைத் தள்ளித் திறக்கும். உட்புகுந்த வளி முசலத்தின் அகன்ற தலையைத் தாக்கி அதனை மீண்டும் மூடும். சுருள்வில்லும் நீரின் அமுக்கமும் திறக்கும் பக்கத்தில் நிற்கும். துளையின் பரப்பு 0.126 சதுர சதமமீற்றர் என்றால், 200 வளிமண்டலத்தில் உருளை வளி கொடுக்குந் தள்ளுவிசை ஏறத்தாழ 25 கிலோகிராம். உருளை 50 ஆகக் குறைந்தபோது அது 6 கிலோகிராமே. இவ்விழப்பு முசலத் தலையின் 10 சதுர சதமமீற்றர் பரப்பிற் பங்கிடப்படின், இடையமுக்கம் சதுர சதமமீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் குறைந்துவிடும். ஆகவே உருளை வெறிதாகும்போது மூச்சுச் சற்றே கனக்கும். இதனைக் குறையென்பாரும் உளர். வளி தீர்கின்றது என உரைக்கும் எச்சரிக்கையெனப் போற்றுவாரும் உளர்.

இக்குறையை நீக்கச் சமப்படுத்திய முசலம் வந்தது. அதில் முசலத்தண்டு உட்டுளையுடையது. உருளை வளி தண்டின் பக்கங்களையே சூழ்ந்து நிற்பதால், உருளையமுக்கம் எவ்வளவாயினும் திறக்கும் விசை மாறாது. வளி மிகுதியாகப் பாயும். மூச்சு இறுதிவரை ஒரேபடியாயிருக்கும். ஆயின் இதற்கொரு விலையுண்டு. முழு உருளையமுக்கத்தையும் தாங்கி, தண்டோடு ஒட்டி அசையும் இறப்பர் வளையமொன்று வேண்டும். தண்டின் நுனி கத்திவாய் போற் கூராக இருத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலொன்று அந்நுனியில் விழுந்தாலே வளி அடங்காது ஊரும். மேலும், சுருள்வில் நிற்கும் அறையினுட் கடல்நீர் புகுவதால் உப்பும் மணலும் முசலத்தைச் சேரும். மென்றகட்டு வகையில் நுண்ணுறுப்புகள் யாவும் மென்றகட்டுக்கு உட்புறத்தே, உலர்ந்த வளியில் இருக்கும். நீர் தொடுவது மென்றகட்டையும் பெரிய சுருள்வில்லையுமே. சேற்று நீரிலும் குளிர்நீரிலும் இது மேலானது. 200 வளிமண்டலத்திலிருந்து சடுதியில் விரியும் வளி கடுங்குளிரடையுமாதலால், ஐரோப்பிய ஏரிகளின் குளிர்நீரில் முசல அறையிற் புகுந்த நீர் பனிக்கட்டியாகி முசலத்தைத் திறந்தபடியே பிணித்துவிடுதலுண்டு. மன்னார்க் கடலில் அவ்வச்சமில்லை. அங்கு உப்பும் மணலுமே பகை. மென்றகட்டு வகையில் உறுப்புகள் மிகுதி என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஐரோப்பியர் வகுத்த ஈ.என். 250 என்னும் நியமத்தின்படி, சீராக்கியொன்று 50 மீற்றர் ஆழத்துக்குரிய அமுக்கத்தில், நிமிடத்துக்கு 62.5 இலீற்றர் என்னுங் கடுமூச்சில், இலீற்றருக்கு 3 யூலினும் மிகாத வேலையோடு மூச்சளித்தல் வேண்டும். இச்சான்றைக் கண்டு கருவி வாங்குதல் நன்றே. ஆனால் அச்சான்று சோதனைக் கூடத்திற் புதிதாய் நின்ற கருவியைப் பற்றியது. ஐந்தாண்டு உப்புநீரில் உழைத்த கருவி எவ்வாறிருக்கும் என்பதை அறியக் கருவியைத் திறந்தே பார்த்தல் வேண்டும்.

திறந்தோர் முதலிற் பார்ப்பது முதற்படியின் வாயிலுள்ள வடியாகும். வெண்கலத்தூளை இறுக்கிச் செய்த சிறு வில்லை அது. அதன் நிறமே கருவியின் வரலாற்றைக் கூறும். பச்சை படிந்திருப்பின் கடல்நீர் உட்புகுந்தது. செம்மண் நிறமாயின் உருக்கு உருளையின் உட்புறந் துருப்பிடித்துள்ளது. கருமை படர்ந்திருப்பின் வளியை அடைத்த பம்பியின் வடிகலத்திலுள்ள கரி வெளிப்பட்டுள்ளது. இரண்டாவதும் மூன்றாவதும் சீராக்கியின் குற்றமன்று. வடியை மட்டும் மாற்றிவிட்டு உருளையையும் பம்பியையும் பாராதுவிடின், புதுவடியும் சின்னாளில் அந்நிறமே பெறும்.

அடுத்து இறப்பர் வளையங்கள். பள்ளத்தினுள் அமரும் இவ்வட்டவளையத்துக்கு அமெரிக்காவிற் குடியேறிய தென்மார்க்கு நாட்டவரான நீல்சு கிறித்தென்சன் என்பவர் தம் எழுபது வயதுக்கு மேலே, 1937 இல் உரிமம் வேண்டி விண்ணப்பித்தார். அமுக்கங் கூடக் கூட வளையம் பள்ளத்தின் ஓரத்தில் நெருங்கிப் படிந்து மேலும் இறுக அடைக்கும் என்பதே அதன் சிறப்பு. வளையத்தின் விலை அற்பம், அளவுகளும் பொதுவானவை. பழைய வளையத்தைக் களையும்போதே கேடு நேர்கின்றது. உருக்கு ஊசியாற் கிளறினாற் பித்தளைப் பள்ளத்திற் கீறல் விழும். அக்கீறலை எப்புதுவளையமும் அடையாது. ஆகையாற் பித்தளை அல்லது பிளாத்திக்கு ஊசியையே கையாளுவர். உப்பும் களிம்பும் படிந்த உறுப்புகளை வினாகிரி போன்ற மென்னமிலத்திற் சிறிதுநேரம் ஊறவைத்துக் கழுவலாம். நெடுநேரங் கிடந்தாற் குரோமியப் பூச்சு உரியும். ஒட்சிசன் செறிந்த கலவையைப் பயன்படுத்துங் கருவியாயின் வழக்கமான சிலிக்கன் கிறீசை இடலாகாது. பேரமுக்க ஒட்சிசனிற் றீப்பற்றும் இடருண்மையால், அதற்கென்றே செய்த புளோரீன் சேர்ந்த கிறீசை இடுதல் வேண்டும்.

இவ்வாறு நோக்குமிடத்து, உறுப்புகளின் தொகை கொண்டு மட்டும் ஒரு கருவியைத் திருத்துதற்கு எளிதென்றோ அரிதென்றோ கூறலாகாது. தேயும் பரப்பு எது, அது தனியே கழற்றத் தக்கதா என்பதே உரைகல். முதற்படியில் வால்வு படியும் விளிம்பு தனி உறுப்பாயின், அது கீறுண்டபோது சிறு செலவில் மாற்றலாம். அவ்விளிம்பை உடலோடு சேர்த்துக் கடைந்திருப்பின், ஒரு கீறலால் உடல் முழுவதும் வீணாகும். பொதுவான திருகுசாவியாற் றிறக்குங் கருவிக்கும், தனிக்கம்பனியின் தனிச்சாவி வேண்டுங் கருவிக்கும் இதுபோன்ற வேற்றுமையே உளது. கடைக்காரன் இவ்வேற்றுமைகளை எடுத்துரைப்பதில்லை. மூச்சின் இலேசையே புகழ்வான்.

உற்பத்தியாளர் பலர் ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ கருவியைத் திறந்து உறுப்புகளை மாற்றும்படி விதிக்கின்றனர். அவ்வுறுப்புகளைத் தம்மிடம் பயிற்சி பெற்ற திருத்துநர்க்கன்றிப் பிறர்க்கு விற்பதுமில்லை. நீரடியில் ஓருயிர் அக்கருவியை நம்பியிருக்க, பயிற்சியில்லாதார் கையில் அதனை விடலாமோ என்பது அவர் கூறுங் காரணம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. மேலே கூறிய சுருள்வில் உதாரணமே அதற்குச் சான்று. ஆயினும் மறுபக்கமும் உண்டு. செவ்வனே இயங்குங் கருவியைத் திறந்து பூட்டுகையிற் புதுக்குற்றம் புகுதல் கூடும். பயிற்சிச் சான்று பெற்றவர் கையிலும் அது நிகழும். திருத்துநர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் கரையோரத்திலே, உறுப்பு விற்க மறுப்பது தொழிலாளி கருவியைத் திறவாதிருக்கச் செய்யாது; தகாத உறுப்பையிட்டுத் திறக்கவே செய்யும். கம்பனி ஒரு வடிவத்தைக் கைவிட்டு உறுப்புகளையும் நிறுத்திவிட்டால், நல்ல பித்தளை உடல் இருந்தும் கருவி இறந்ததாகும். இரட்டைக் குழாய்ச் சீராக்கிகளுக்கு அக்கதி நேராமைக்கு அவற்றின்பாற் பற்றுடைய சிலரே காரணர். மென்றகட்டையும் குழாய்களையும் அவர்கள் சிலிக்கன் இறப்பரிற் புதிதாக வார்ப்பித்தனர். அறுபது ஆண்டு கடந்த மிஸ்திரால் கருவிகள் இன்றும் கடலில் இறங்குகின்றன. முதலிலேயே எளிதிற் றிறக்கும்படி அமையாதிருப்பின் எப்பற்றும் அவற்றைக் காத்திராது.

உறுப்பை மாற்றுதல் திருத்துநர்க்கு உரியதாயினும், சோதித்தல் ஒவ்வொரு சுழியோடிக்கும் உரியது. கடலிலிருந்து ஏறியதும் முதற்படியின் வாயை மூடியால் இறுக அடைத்து நன்னீரிற் கழுவவேண்டும். அமுக்கமில்லாத கருவியின் வாய்ப்பெட்டிப் பொத்தானைக் கழுவும்போது அழுத்தின், வால்வு திறந்து நீர் குழாய்வழியே முதற்படியை அடையும். பிறிதொரு சோதனைக்குப் பொறியேதும் வேண்டுவதில்லை. முதற்படி வாய் மூடியிருக்க, இரண்டாம் படியை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சி அப்படியே நிறுத்துக. சிறிதும் வளி வாராது மென்றகடு உள்ளிழுபட்டே நிற்பின் நன்று. மெல்ல மெல்ல வளி வருமாயின் மென்றகட்டிலோ வெளிமூச்சு வால்வின் மெல்லிதழிலோ துளையோ மடிப்போ மணற்பரலோ உண்டு. வளி புகுந்த வழியே நாளை நீர் புகும். பின்பு உருளையிற் பூட்டித் திறந்து, இடையமுக்கத்தைச் சில நிமிடங்கள் பார்த்திருக்க. முள் ஓரிடத்தில் ஏறி அங்கேயே நிற்றல் வேண்டும். நின்றபின்னரும் அது கடிகாரத்தின் சிறுமுள் போல மெல்ல ஊர்ந்து ஏறுமாயின், மூச்சு எத்துணை இலேசாக வரினும், அக்கருவியை அன்று உருளையிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும்.